தட்டணு குறைந்தும் ரத்தம் உறைவது ஏன்?

கோபிச்செட்டிபாளையம் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய அம்மாயிக்கு 68 வயது, எடை 58 கிலோ. கோவையில் வலது முழங்கால் மூட்டு மாற்று அறுவை நடந்தது. ரத்தம் கட்டாமலிருக்கத் தினமும் வயிற்றில் எனாக்ஸபாரின் 40 மி.கி. ஊசி. ஐந்தாம் நாள் டிஸ்சார்ஜ் செய்துவிட்டார்கள், மீதி ஊசிகளை ஊரிலேயே ஒரு நர்ஸ் வந்து போட்டார். எட்டாம் நாள் அறுவை செய்யாத இடது கால் வீங்கியது. உள்ளூர் லேபில் பார்த்தால் பிளேட்லெட், அதாவது தட்டணு, 92,000. அறுவைக்கு முன் அது 2,80,000, டிஸ்சார்ஜ் அன்று 3,10,000. சொந்தபந்தம் எல்லாம் "டெங்குங்க இது, பப்பாளி எலச் சாறு குடுங்க" என்றிருக்கிறார்கள். கோவைக்குத் திரும்பக் கூட்டிப் போனதும் டாப்ளர் ஸ்கேனில் இடது காலில் ரத்தக்கட்டி தெரிந்தது. மருத்துவர்கள் பழைய ஊசியை நிறுத்திவிட்டு, ஃபோண்டாபாரினக்ஸ் 7.5 மி.கி. தினம் ஒரு ஊசி என்று மாற்றியிருக்கிறார்கள். பிளேட்லெட் ஏற்றச் சொன்னதற்கு மறுத்துவிட்டார்கள். "ரத்தம் கட்டாம இருக்கப் போட்ட ஊசியில ரத்தம் எப்படிங்க கட்டும்? பிளேட்லெட் கொறஞ்சா ஏத்தோணுமில்லீங்களா?" என்பது கேள்வி.

கேள்வி பிளேட்லெட்டைப் பற்றியது போலத் தெரிந்தாலும், "ஆஸ்பத்திரியில் ஏதோ தப்பாகச் செய்கிறார்களோ" என்ற பயம்தான் உள்ளே இருக்கிறது. அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருக்கும் தேதிகளையும் எண்ணிக்கைகளையும் வைத்துப் பார்த்தால், இது ஹெபாரின் வகை மருந்தால் (எனாக்ஸபாரினும் அந்த வகைதான்) வரும் தட்டணுக் குறைவு என்று சந்தேகிக்க எல்லா நியாயமும் இருக்கிறது. மருத்துவர்கள் சுருக்கமாக 'ஹிட்' என்பார்கள். அந்தச் சந்தேகம் வந்தவுடன் செய்ய வேண்டியதைத்தான் அவர்கள் செய்திருக்கிறார்கள். தட்டணு ஏற்ற மறுத்ததும் அதில் சேர்த்தி. அம்மாயியை நேரில் பார்க்காமல் நோயை உறுதி செய்ய என்னால் முடியாது, அந்தப் பொறுப்பு அங்கே இருப்பவர்களுடையது. ஆனால் அவர்கள் ஏன் அப்படிச் செய்தார்கள், இனி நீங்கள் எதைக் கவனிக்க வேண்டும் என்பதை இந்தத் துறையில் வேலை செய்கிறவனாகத் தெளிவாகச் சொல்ல முடியும்.

ரத்தம் கட்டாமலிருக்கப் போட்ட ஊசியால் ரத்தம் எப்படிக் கட்டும்? தட்டணுக்களுக்குள் பிஎஃப்4 என்று ஒரு புரதம் இருக்கிறது. ஹெபாரின் உடம்புக்குள் போனதும் அந்தப் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய உருவத்தைப் பார்த்து, சில பேருடைய உடம்பு அதை அந்நியப் பொருள் என்று எடுத்துக்கொண்டு எதிர்ப்புப் புரதம் தயாரிக்கிறது. இந்த எதிர்ப்புப் புரதம் தட்டணுவின் மேல் உட்கார்ந்து அதை உசுப்பிவிடுகிறது. உசுப்பப்பட்ட தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதோடு நிற்காமல் இன்னும் அதிக பிஎஃப்4-ஐ வெளியே விடுகின்றன. திராம்பின் என்ற உறைவுப் பொருளும் பெருகுகிறது. இப்படி ஒன்று மற்றொன்றைத் தூண்டிக்கொண்டே போகும். லேபில் எண்ணிக்கை குறைந்து தெரிவது, தட்டணுக்கள் உற்பத்தியாகாததால் அல்ல, வேண்டாத இடத்தில் கட்டி கட்டுவதில் செலவாகிவிடுவதால். வேலைக்கு ஆள் வரவில்லை என்று நாம் நினைக்கிறோம். ஆள் எல்லோரும் வாய்க்காலுக்குக் குறுக்கே சுவர் எழுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

அதனால்தான் தட்டணு ஏற்றுவதில்லை. டெங்குவில் எண்ணிக்கை குறைந்தால் ரத்தக் கசிவு வருமோ என்று பயப்படுகிறோம். இதிலோ கசிவு அபூர்வம், பயப்பட வேண்டியது கட்டிக்குத்தான். எண்ணிக்கை பெரும்பாலும் 50,000 அல்லது 60,000 வாக்கில் நின்றுவிடும், 20,000-க்குக் கீழே போவது குறைவு. இந்த நிலையில் வெளியிலிருந்து தட்டணு ஏற்றினால் சுவர் கட்டும் ஆட்களுக்குச் செங்கல் கொண்டுபோய்க் கொட்டியது போலாகும். உண்மையிலேயே ரத்தம் கசிகிறது, அல்லது ரத்தக் கசிவு அதிகம் வரக்கூடிய ஒரு சிகிச்சையை உடனே செய்தாக வேண்டும் என்றால் மட்டும் ஏற்றுவார்கள். எண்ணைப் பார்த்து மட்டும் ஏற்ற மாட்டார்கள். "92,000 தானே இருக்குது" என்று நீங்கள் வற்புறுத்தி, அதற்கு அவர்கள் இணங்கியிருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன்.

டெங்கு என்ற பேச்சை ஒதுக்கித் தள்ளவும் கூடாது. மழைக்காலத்தில் கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கம் பிளேட்லெட் குறைந்தது என்றாலே யார் மனசுக்கும் அதுதான் முதலில் வரும், அதில் தப்பில்லை. வேறுபடுத்திப் பார்க்க வழி இருக்கிறது. டெங்குவில் முதலில் காய்ச்சல், உடம்பு வலி, கண்ணுக்குப் பின்னால் வலி. எண்ணிக்கை சரிவது பெரும்பாலும் காய்ச்சல் விடுகிற சமயத்தில். வெள்ளை அணுக்களும் குறையும், ரத்தம் கெட்டியாகி ஹீமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) ஏறும். முதல் ஐந்து நாளுக்குள் என்எஸ்1 பரிசோதனையில் தெரியும். உங்கள் அம்மாயிக்குக் காய்ச்சல் இருந்ததாக நீங்கள் எழுதவில்லை. காய்ச்சல் இல்லாமல், ஹெபாரின் ஊசி தொடங்கிய எட்டாம் நாள், ஒரு கால் மட்டும் வீங்கி, எண்ணிக்கை சரிந்தால் அது டெங்குவின் நடை அல்ல. சந்தேகம் தீர என்எஸ்1 ஒன்று எடுத்துவிடச் சொல்லுங்கள். ஏனென்றால் இரண்டுக்கும் மருத்துவம் எதிரும் புதிருமானது. டெங்குவில் ரத்தம் உறையாமல் செய்யும் மருந்தைத் தவிர்க்கிறோம். இதிலோ ஹெபாரின் அல்லாத உறைவெதிர்ப்பு மருந்துதான் உயிரைக் காப்பாற்றுகிறது.

பப்பாளி இலைச் சாறு இந்த நோயின் காரணத்தைத் தொடவே தொடாது. கசப்பில் வாந்தி எடுத்து, போட வேண்டிய மாத்திரையும் வெளியே வந்துவிட்டால் நஷ்டம் அம்மாயிக்குத்தான். கொடுக்க வேண்டாம்.

இனி, இந்த நோயை எப்படி அடையாளம் காண்பது. நான்கு விஷயங்களுக்குத் தலா 0, 1, 2 என்று மதிப்பெண் போட்டுக் கூட்டுவார்கள், 'நான்கு டி' என்று பெயர். முதலாவது, எண்ணிக்கை எவ்வளவு சரிந்தது: பாதிக்கு மேல் சரிந்து, அடிமட்டம் 20,000-க்குக் குறையாமல் இருந்தால் 2. இரண்டாவது, எப்போது சரிந்தது: மருந்து தொடங்கி 5 முதல் 10 நாளுக்குள் என்றால் 2. மூன்றாவது, புதிதாக ரத்தக்கட்டி உறுதியானதா: ஆம் என்றால் 2. நான்காவது, எண்ணிக்கை குறைய வேறு காரணம் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் 2, இருக்கலாம் என்றால் 1. கூட்டுத்தொகை 3 அல்லது அதற்குக் கீழ் என்றால் இந்த நோய் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. 4, 5 என்றால் நடுத்தரம். 6 முதல் 8 வரை என்றால் அதிகம். அம்மாயிக்கு நான் போட்டுப் பார்த்ததில் 7 அல்லது 8 வருகிறது. நான்காவது விஷயத்தில்தான் ஒரு மதிப்பெண் ஊசலாடுகிறது. அறுவைப் புண்ணில் சீழ் இருக்கிறதா, வேறு என்ன மருந்துகள் போயின என்பது எனக்குத் தெரிந்தால் அதையும் தீர்த்துவிடலாம். லினசோலிட், வான்கோமைசின், பிப்பராசிலின் போன்ற ஆன்டிபயாடிக்குகளும் தட்டணுவைக் குறைக்கும். ரத்தத்தில் கிருமி பரவினாலும் குறையும்.

இந்த நான்கில் முதலாவதற்கு மதிப்பெண் போடும்போது எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. சரிவை எந்த எண்ணிலிருந்து கணக்கிடுவது? பெரிய அறுவைக்குப் பிறகு முதல் இரண்டு மூன்று நாள் தட்டணு தானாகவே கொஞ்சம் இறங்கும். பிறகு ஏறும், முன்பிருந்ததைவிட அதிகமாகவும் ஏறும். ஆகவே கணக்கு வைக்க வேண்டியது அறுவைக்கு முந்தைய எண்ணிலிருந்து அல்ல, சரிவதற்கு முன் எட்டிய உச்சத்திலிருந்து. அம்மாயிக்கு 3,10,000-லிருந்து 92,000, அதாவது 70 சதவீதச் சரிவு. இன்னொருவரை எடுத்துக்கொள்ளுங்கள். உச்சம் 4,00,000, எட்டாம் நாள் 1,60,000. லேப் தாளில் 'நார்மல்' என்றே வரும், 'குறைவு' என்ற அடையாளம்கூட இருக்காது. ஆனால் அது 60 சதவீதச் சரிவு. பழைய தாளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காதவர் கண்ணுக்கு இது தப்பிவிடும். ஆஸ்பத்திரியில் தரும் ஒவ்வொரு ரத்தப் பரிசோதனைத் தாளையும் ஒரே பையில், தேதி வரிசையில் வைத்திருங்கள் என்று நான் மன்றாடுவது இதற்காகத்தான்.

நாள் கணக்கிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. முதல் ஊசி போட்ட நாள் பூஜ்யம். முதல் நாலு நாளுக்குள் லேசாக இறங்கி, பெரும்பாலும் லட்சத்துக்கு மேலேயே நின்று, ஊசியைத் தொடர்ந்தாலும் தானே ஏறிவிடுகிற ஒரு வகை உண்டு. அது எதிர்ப்புப் புரதத்தால் வருவதல்ல, ஆபத்தில்லை. ஆபத்தானது ஐந்தாம் நாளுக்கு மேல் வருவது. விதிவிலக்கும் உண்டு: கடந்த 30 நாளுக்குள் வேறு எதற்காவது, ஆஞ்சியோகிராம் செய்தபோதோ டயாலிசிஸ் செய்தபோதோ ஹெபாரின் போயிருந்தால், எதிர்ப்புப் புரதம் ஏற்கெனவே ரத்தத்தில் தயாராக இருக்கும், ஒரே நாளில் எண்ணிக்கை சரியலாம். சிலருக்கு ஊசியெல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு, மூன்று வாரம் வரைகூடக் கழித்து வரும். அப்போது வேறொரு ஆஸ்பத்திரிக்குப் போய், "ரத்தக்கட்டி" என்று மறுபடி ஹெபாரினே போட்டுவிட்டால் விபரீதம். முந்தைய மாதம் எந்த ஊசி போட்டார்கள் என்று நீங்களே சொல்லாவிட்டால் அந்த மருத்துவருக்குத் தெரிய வழியில்லை.

ஐந்து முதல் பத்தாம் நாள்வரை என்பது நம் பக்கத்து நோயாளிகளுக்குக் குறிப்பாகக் கெட்ட நேரம். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ டிஸ்சார்ஜ் ஆகி, கோபிக்கோ, தாராபுரத்துக்கோ, பொள்ளாச்சிக்கோ போய்விடுகிறார்கள். ஊசியைப் போட ஆள் வருகிறார், எண்ணிக்கையைப் பார்க்க யாரும் வருவதில்லை. மூட்டு மாற்று அறுவைக்குப் பிறகு இந்த வகை ஊசி போடுகிறவர்களுக்கு, நாலாம் நாளிலிருந்து பதினாலாம் நாள்வரை அல்லது ஊசி நிற்கும்வரை, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தட்டணு பார்க்கலாம் என்பது இன்றைய வழிகாட்டு நெறி. எந்த ஊர் லேபிலும் செய்யும், ரத்த அணுக்களை எண்ணும் சாதாரண சிபிசி பரிசோதனைதான் அது. எனாக்ஸபாரினில் இந்த நோய் வருவது நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. ரத்தக்குழாய் வழியே போடும் சாதாரண ஹெபாரினில், அறுவைக்குப் பிறகு, நூற்றுக்கு ஐந்து பேர் வரை வரலாம். பெண்களுக்குச் சற்று அதிகம்.

எண்ணிக்கை உண்மையிலேயே குறைந்ததா என்பதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும். ரத்தம் எடுக்கும் ஊதா மூடிக் குழாயில் உள்ள மருந்தால் சிலருடைய தட்டணுக்கள் குழாய்க்குள்ளேயே கொத்துக்கொத்தாக ஒட்டிக்கொள்ளும். எந்திரம் கொத்தை எண்ணாது, குறைவாகக் காட்டும். கண்ணாடித் தகட்டில் ரத்தம் தடவி நுண்ணோக்கியில் பார்த்தால் கொத்து தெரிந்துவிடும். நீல மூடி சிட்ரேட் குழாயில் எடுத்து மறுபடி எண்ணலாம், வந்த எண்ணை 1.1-ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும். அம்மாயிக்குக் காலில் கட்டியே தெரிந்துவிட்டதால் இந்தச் சந்தேகத்துக்கு அதிக இடமில்லை. கட்டி இல்லாத மற்றவர்களுக்கு இது முதலில் பார்க்க வேண்டியது.

உறுதி செய்யும் பரிசோதனை பிஎஃப்4 எதிர்ப்புப் புரதத்துக்கான எலைசா. எல்லா லேபிலும் செய்வதில்லை, மாதிரி வெளியூர் போய் முடிவு வரச் சில நாளாகும். அதுவரை காத்திருந்து பிறகு மருந்தை மாற்றலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மதிப்பெண் 4 அல்லது அதற்கு மேல் என்றால் ரத்த மாதிரியை எடுத்து அனுப்பிவிட்டு அன்றைக்கே சிகிச்சையைத் தொடங்குவதுதான் முறை. முடிவு வந்தபின் அதை வாசிப்பதிலும் நிதானம் வேண்டும். 'பாசிட்டிவ்' என்ற ஒரு சொல் போதாது, 'ஓடி' (OD) என்று ஒரு எண் இருக்கும், கேட்டு வாங்குங்கள். 0.4-க்குக் கீழ் என்றால் இல்லை என்று பொருள். 0.4-க்கும் 1-க்கும் இடையில் என்றால் பெரும்பாலும் வெறும் எதிர்ப்புப் புரதம் மட்டும் இருக்கும், நோய் இருக்காது. 2-க்கு மேல் என்றால் நோய் இருக்கும் வாய்ப்பு மிக அதிகம். இதய அறுவை செய்தவர்களில் பலருக்கு நோயே இல்லாமல் இந்தப் பரிசோதனை பாசிட்டிவ் வரும். எதிர்ப்புப் புரதம் தட்டணுவை உண்மையில் உசுப்புகிறதா என்று காட்டும் செரடோனின் பரிசோதனை இதைவிட நம்பகமானது, ஆனால் உலகிலேயே சில ஆய்வகங்களில்தான் கிடைக்கும். ஆகவே நடைமுறையில் மதிப்பெண்ணையும் ஓடி எண்ணையும் சேர்த்துத்தான் முடிவெடுக்கிறோம்.

சிகிச்சைக்கு வருவோம். முதல் வேலை, ஹெபாரினின் எல்லா வடிவத்தையும் நிறுத்துவது. 'எல்லா' என்பதை அழுத்திச் சொல்கிறேன். கையில் குத்தியிருக்கும் ஊசிக்குழாய் அடைக்காமலிருக்க நர்ஸ் உள்ளே விடும் சில மில்லி ஹெபாரின் கலந்த தண்ணீரும் ஹெபாரின்தான். அந்த அளவே நோயைத் தொடர்ந்து எரிய வைக்கப் போதும். அதற்குப் பதில் வெறும் சலைன் விட வேண்டும். டயாலிசிஸ் எந்திரத்தில் போவது, ஹெபாரின் பூசிய கழுத்துக் குழாய், ஊசி போட்ட இடம் வீங்கினால் தடவும் ஹெபாரின் களிம்பு எல்லாம் கணக்கில் வரும். சாதாரண ஹெபாரினை நிறுத்தி எனாக்ஸபாரினுக்கு மாறுவதும் மாற்று ஆகாது. இரண்டும் பங்காளிகள், எதிர்ப்புப் புரதம் இரண்டையும் ஒன்றாகவே பார்க்கும். படுக்கைக்கு மேலே 'ஹெபாரின் கூடாது' என்று ஒரு அட்டை தொங்க வேண்டும், கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் சிவப்பில் எழுதியிருக்க வேண்டும். இல்லை என்றால் டியூட்டி நர்ஸிடம் மரியாதையாகக் கேளுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இரண்டாவது வேலை, வேறு வகை உறைவெதிர்ப்பு மருந்தைச் சிகிச்சை அளவில் உடனே தொடங்குவது. நிறுத்துவது மட்டும் போதாது. ஹெபாரினை நிறுத்திவிட்டு ஒன்றும் தராமல் விட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அடுத்த 30 நாளில் எங்காவது கட்டி வந்தது. எண்ணிக்கை குறைந்தவருக்கு ரத்தம் உறையாத மருந்தா என்று வீட்டில் எல்லோரும் பதறுவது இந்த இடத்தில்தான். ஆனால் இந்த நோயில் அது தவிர்க்க முடியாதது. அம்மாயிக்குத் தந்திருக்கும் ஃபோண்டாபாரினக்ஸ் தோலடியில் தினம் ஒருமுறை போடுவது. எடை 50 கிலோவுக்குக் கீழ் 5 மி.கி., 50 முதல் 100 வரை 7.5, அதற்கு மேல் 10. 58 கிலோவுக்கு 7.5 சரிதான். 2.5 மி.கி. சிரிஞ்சும் கடையில் உண்டு, அது தடுப்பு அளவு, இதற்குப் போதாது. மருந்துக் கடையில் மாற்றித் தந்துவிட்டால் ஏமாந்துவிடாதீர்கள். பெட்டியின் மேல் எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

இந்த மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். ஆகவே சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்க்காமல் தொடரக் கூடாது. 68 வயது, 58 கிலோ பெண்ணுக்குக் கிரியாட்டினின் 0.9 என்றால் சிறுநீரகத்தின் வடிதிறன் நிமிடத்துக்குச் சுமார் 55 மி.லி., தாராளம். அதுவே 1.7 என்றால் 30-க்குக் கீழே போய்விடும், அப்போது ஃபோண்டாபாரினக்ஸ் கூடாது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ஆர்கட்ரோபான் என்ற சொட்டு மருந்து. வழக்கமாக கிலோவுக்கு நிமிடத்துக்கு 2 மைக்ரோகிராம், ஈரல் பழுதோ இதயத் தளர்ச்சியோ இருந்தால் 0.5 முதல் 1.2 வரை. ரத்தம் உறைய ஆகும் நேரத்தை அளக்கும் ஏபிடிடி பரிசோதனை இயல்பைவிட 1.5 முதல் 3 மடங்குக்குள் இருக்கும்படி அளவை ஏற்றி இறக்குவார்கள். விலை கூடுதல், படுக்கையிலேயே இருக்க வேண்டும், ஆனால் நிறுத்தினால் சில மணி நேரத்தில் வேலை ஓய்ந்துவிடும். ரத்தக் கசிவு ஆபத்தும் சேர்ந்திருப்பவர்களுக்கு அது பெரிய வசதி. ஃபோண்டாபாரினக்ஸ் அப்படியில்லை, ஒரு ஊசியின் பாதி அளவு வெளியேறவே 17 முதல் 21 மணி நேரம் ஆகும், முறிவு மருந்தும் இல்லை. அதனால் அது ஓடிக்கொண்டிருக்கும்போது மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் மாத்திரை வேண்டாம், இடுப்பில் வலி ஊசியும் வேண்டாம். பாராசிட்டமால் போதும். அது போதாவிட்டால் வேறு என்ன போடலாம் என்று எலும்பு மருத்துவரைக் கேளுங்கள்.

வார்ஃபரின், அசிட்ரோம் என்று நம் ஊரில் பழக்கமான உறைவெதிர்ப்பு மாத்திரைகள் உண்டு. விலை குறைவு என்பதால் "அதையே குடுத்திருங்க" என்று கேட்கத் தோன்றும். தட்டணு 1,50,000-ஐத் தாண்டும்வரை அதைத் தொடங்கக் கூடாது. இது நிச்சயமான விஷயம், விவாதமே இல்லை. அந்த மாத்திரைகள் உறைய வைக்கும் காரணிகளைக் குறைப்பதற்கு முன்பே, உறைவைத் தடுக்கும் சி புரதத்தைச் சில மணி நேரத்திலேயே வடித்துவிடும். உறைய வைக்கும் முக்கியக் காரணி குறைய மூன்று நாலு நாளாகும். பிரேக்கைக் கழற்றிவிட்டு என்ஜினை அணைக்க மறந்த வண்டி போலத்தான். ஹிட் நோயில் இந்த இடைவெளியில் கால் விரல்கள் கறுத்து, காலையே எடுக்க வேண்டிய நிலை வந்தவர்கள் உண்டு. தெரியாமல் ஏற்கெனவே தொடங்கியிருந்தால் வைட்டமின் கே கொடுத்து அதன் வேலையை முறிக்க வேண்டும். எண்ணிக்கை ஏறியபின் தொடங்கினாலும் குறைந்த அளவில் தொடங்கி, மாற்று ஊசியையும் சேர்த்துக் குறைந்தது ஐந்து நாள் தர வேண்டும்.

ரிவரோக்ஸபான், அபிக்ஸபான் போன்ற புது மாத்திரைகளுக்கு அந்தத் தொல்லை இல்லை. உடல் நிலை தடுமாறாமல் இருப்பவர்களுக்கு இவற்றை இப்போது பலரும் தருகிறார்கள். கட்டி இருந்தால் ரிவரோக்ஸபான் 15 மி.கி. தினம் இருவேளை மூன்று வாரம், பிறகு 20 மி.கி. ஒருவேளை. சாப்பாட்டோடுதான் போட வேண்டும், வெறும் வயிற்றில் போட்டால் சரியாக உறிஞ்சப்படாது. ஏகாதசி விரதம், செவ்வாய்க்கிழமை விரதம் இருக்கும் அம்மாயியாக இருந்தால் இதைக் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள். இந்த நோயில் இம்மாத்திரைகளுக்கு உள்ள ஆதாரம் சிறிய அளவில் சேர்ந்த நோயாளிக் குழுக்களிலிருந்து வந்தது, பெரிய ஒப்பீட்டு ஆய்வு இல்லை. பலன் நன்றாகத்தான் இருந்திருக்கிறது. ஆனாலும் கால் கறுக்கத் தொடங்கியவர், நுரையீரல் கட்டியால் மூச்சுத் திணறுகிறவர் என்றால் முதலில் ஊசி மருந்துதான் என்பது என் கருத்து.

எத்தனை நாள்? கட்டி இருப்பதால் அம்மாயிக்குக் குறைந்தது மூன்று மாதம். கட்டியே இல்லாமல் எண்ணிக்கை மட்டும் குறைந்தவர்களுக்கு எவ்வளவு நாள் என்பதில் மருத்துவர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. எண்ணிக்கை நிலையாக 1,50,000-ஐத் தாண்டும்வரை என்பது குறைந்தபட்சம், நாலு வாரம்வரை தருகிறவர்களும் உண்டு. அப்படிப்பட்டவர்களுக்கும் அறிகுறி இல்லாவிட்டாலும் இரண்டு காலுக்கும் டாப்ளர் எடுப்பது நல்லது, சத்தமில்லாமல் கட்டி ஒளிந்திருக்கும். அப்படி இருந்தால் மருந்து தர வேண்டிய காலமே மாறிப்போகும். எண்ணிக்கை பெரும்பாலோருக்கு ஹெபாரினை நிறுத்திய இரண்டு மூன்று நாளில் ஏறத் தொடங்கி, ஒரு வாரத்துக்குள் 1,50,000-ஐத் தாண்டும். சிலருக்கு இரண்டு வாரத்துக்கு மேலும் ஆகும். மூன்று நாளாகியும் இறங்கிக்கொண்டே போனால், எங்கோ ஹெபாரின் இன்னும் ஒழுகுகிறதா, அல்லது நோய் வேறா என்று முதலிலிருந்து தேட வேண்டும்.

வீட்டில் இருக்கும்போது கவனிக்க வேண்டியதைச் சொல்கிறேன். ஒரு தையல் டேப் எடுத்து, முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் மேடாகத் தட்டுப்படும் இடத்திலிருந்து 10 செ.மீ. இறங்கி, இரண்டு கெண்டைக்கால் சுற்றளவையும் காலையில் எழுந்தவுடன் அளந்து தேதியோடு எழுதுங்கள். அறுவை செய்த கால் எப்படியும் கொஞ்சம் வீங்கித்தான் இருக்கும். அதனால் ஒரு நாள் அளவைவிட நாளுக்கு நாள் ஏறுகிறதா என்பதுதான் முக்கியம். அறுவை செய்யாத கால் மற்றதைவிட 3 செ.மீ. கூடினால் காத்திருக்கக் கூடாது. வீங்கிய காலைச் சுளுக்கு என்று உருவிவிடுவதோ, எண்ணெய் தேய்த்து நீவுவதோ கூடவே கூடாது. கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். வயிற்றில் பழைய ஊசி போட்ட இடங்களைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். சாதாரணமாக நீலம் பாய்ந்த தழும்பு இருக்கும், அது பச்சையாகி மஞ்சளாகி மறைந்துவிடும். நடுவில் கறுத்து, ஓரம் சிவந்து, தொட்டால் வலிக்கும் திட்டு இருந்தால் அது இந்த நோயின் அடையாளம், மருத்துவரிடம் காட்டுங்கள்.

திடீரென மூச்சு வாங்குதல், நெஞ்சு வலி, ஒரு கை அல்லது கால் சில்லிட்டு வெளுத்து வலித்தல், வாய் கோணுதல், பேச்சுக் குழறுதல், வயிற்றிலோ இடுப்பிலோ வலியோடு ரத்த அழுத்தம் இறங்குதல் இவற்றில் எது வந்தாலும் 108-ஐ அழையுங்கள். கடைசியாகச் சொன்னது பலருக்குத் தெரியாதது: சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியின் ரத்தக்குழாயில் கட்டி வந்து சுரப்பிக்குள் ரத்தம் கசியலாம். கண்டுபிடிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து, கண்டுபிடித்தால் ஸ்டீராய்டு ஊசியில் மீட்டுவிடலாம். ஆம்புலன்ஸில் ஏறியதும் முதல் வாக்கியமாக "ஹெபாரின் ஒத்துக்காதுங்க" என்று சொல்லிவிடுங்கள். நெஞ்சு வலி என்று போனால் எந்த அவசரப் பிரிவிலும் முதலில் எடுக்கும் மருந்துகளில் ஹெபாரினும் ஒன்று.

இனி வாழ்நாள் முழுக்க ஹெபாரினே கூடாதா என்றும் நீங்கள் யோசிப்பீர்கள். இந்த எதிர்ப்புப் புரதம் மற்ற ஒவ்வாமைகளைப் போல நிலைத்து நிற்பதில்லை, பெரும்பாலோருக்குச் சுமார் 100 நாளில் மறைந்துவிடும். மறைந்தது பரிசோதனையில் உறுதியானபின், இதய அறுவை போல வேறு வழியே இல்லாத சமயத்தில் அறுவை மேசையில் இருக்கும் சில மணி நேரத்துக்கு மட்டும் ஹெபாரின் தரலாம். அறுவைக்கு முன்பும் பின்பும் வேறு மருந்துதான். அதைத் தவிர மற்றதற்கெல்லாம், மாற்று மருந்து இருக்கும்போது ஹெபாரின் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது. அடுத்த முழங்காலுக்கும் அறுவை செய்வதாகப் பேச்சு இருந்தால் மூன்று மாதத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மயக்க மருந்து மருத்துவருக்கும் இதை முன்பே தெரிவியுங்கள்.

டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன், மருத்துவரின் கையெழுத்தோடு ஒரு சிறு அட்டை வாங்கி, அம்மாயியின் ஆதார் அட்டையோடு சேர்த்து பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பையில் வைத்துவிடுங்கள். அதில் நாலு வரி போதும்: ஹெபாரினால் தட்டணுக் குறைவு; ஹெபாரினும் எனாக்ஸபாரினும் தரக் கூடாது, குழாய் கழுவும் ஹெபாரினும் கூடாது; நோய் வந்த தேதியும் எண்ணிக்கை எவ்வளவிலிருந்து எவ்வளவுக்கு இறங்கியது என்பதும்; எலைசா ஓடி எண்ணும் இப்போது போகும் மருந்தும். எலைசா முடிவு இன்னும் வரவில்லை என்றால் அந்த இடத்தைக் காலியாக விட்டு, வந்தபின் எழுதி வாங்குங்கள். 0.4-க்குக் கீழ் வந்து, நோய் இதுவல்ல என்று மருத்துவர்கள் முடிவு செய்தால் அட்டையைத் திருப்பித் தந்துவிடுங்கள். தேவையில்லாமல் ஹெபாரினைத் தள்ளி வைப்பதும் பின்னால் இடைஞ்சல்தான்.